ஓதமும் உலர்துறையும்: பம்பாய்க் கப்பல் பழுதுபார்ப்புத் துறைகளின் கட்டுமானமும் சோழமண்டலக் கடற்கரையும் (1750–1810)

ஆய்வுச் சுருக்கம்

பம்பாயில் 1750 முதல் 1810 வரையிலான காலத்தில் கட்டப்பட்ட உலர்துறைகள் பெரும்பாலும் கப்பல் கட்டுமான வரலாற்றின் ஒரு பகுதியாகவே பேசப்படுகின்றன. அங்கு உருவான தேக்கு மரக் கப்பல்களும் அவற்றைக் கட்டிய வாடியா குடும்பத்தினரின் திறனும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அத்துறைகளின் முதற்பணி பழுதுபார்ப்பே ஆகும். கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கருவியாகக் கொண்டு அத்துறைகள் இயங்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஓத வீச்சு மிகக் குறைந்த சோழமண்டலக் கடற்கரையில் அத்தகைய துறை அமைய இயலாமற் போனதையும், அதனால் தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்த போர்களின் போக்கு மேற்குக் கடற்கரையிலிருந்த ஒரு கற்குழியைச் சார்ந்து நின்றதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உலர்துறை, ஓதம், பம்பாய்க் கப்பல்தளம், லவ்ஜி வாடியா, டங்கன் துறை, சோழமண்டலக் கடற்கரை, கப்பல் பழுதுபார்ப்பு.

முன்னுரை

தமிழகக் கடல்சார் வரலாற்றாய்வுகள் துறைமுகங்கள், வணிகக் குழுக்கள், ஏற்றுமதிப் பொருள்கள், கடற்போர்கள் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. கப்பல் என்பது தொடர்ந்து பழுதடையும் ஒரு பொருள் என்ற எளிய உண்மை இவ்வாய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. வெப்பமண்டலக் கடலில் சில திங்கள் நின்ற மரக்கலத்தின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் படரும். அவை கலத்தின் விரைவைக் குறைக்கும். கப்பற்புழு பலகைகளைத் துளைக்கும். பலகை இணைப்புகளில் அடைத்த நாரும் பிசினும் தளர்ந்து நீர் கசியும். போரில் நீர்மட்டத்திற்குக் கீழே பட்ட குண்டு உடனடியாகக் கலத்தை மூழ்கடிக்காவிடினும், பழுது நீங்கும்வரை அதனைப் பயனற்றதாக்கும்.

எனவே 18-ஆம் நூற்றாண்டில் ஒரு கடற்படையின் வலிமை, அது வைத்திருந்த கலங்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. அக்கலங்களின் அடிப்பகுதியை எங்கே, எவ்வளவு காலத்தில் செப்பனிட முடியும் என்பதையும் பொறுத்தது. இவ்வினாவைத் தமிழகக் கடற்கரையை முன்வைத்து எழுப்பினால், அதற்கான விடை பம்பாயில் கிடைக்கிறது.

உலர்துறைக்கு முந்தைய முறைகள்

கலத்தின் அடிப்பகுதியைச் செப்பனிட மரபாக இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, கரையேற்றுதல். தோணி போன்ற சிறு கலங்களை மணற்கரையில் இழுத்து ஏற்றியோ, ஓதம் வற்றும்போது தரைதட்ட விட்டோ பணி செய்தனர். கோதாவரி முகத்திலுள்ள கொரிங்காவில் சேற்றுக் குழிகளில் மரக்கலங்களை ஏற்றிப் பழுதுபார்த்தது இவ்வழியின் சற்று வளர்ந்த வடிவமாகும்.

இரண்டாவது, சாய்த்தல். கரையேற்ற இயலாத பெருங்கலத்தின் பீரங்கிகள், சரக்குகள், மேற்பாய்மரங்கள் ஆகியவற்றை இறக்கிவிட்டு, பாய்மரத்தில் கட்டிய வடங்களால் கலத்தை ஒரு பக்கமாக இழுத்துச் சாய்ப்பர். நீரிலிருந்து வெளிப்பட்ட பக்கத்தைச் செப்பனிட்ட பின் மறுபக்கம் சாய்ப்பர். இதற்கு அலையற்ற நீர்நிலை தேவை. திருகோணமலை போன்ற காப்பான இயற்கைத் துறைமுகத்தில் இது இயலும். சென்னை, புதுச்சேரி போன்ற திறந்த கடற்கரைகளில் இயலாது. மேலும், சாய்க்கப்படும் கலத்தின் சட்டங்கள் இயல்புக்கு மாறான பளுவைத் தாங்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே நலிந்த கலம் இதனால் மேலும் நலிவடையும். கலத்தின் முதுகெலும்பாகிய ஏராக்கட்டையை முழுமையாகச் சோதிக்கவும் இம்முறையில் வாய்ப்புக் குறைவு.

உலர்துறை இக்குறைகளைப் போக்கியது. கலம் நேராகவே நிற்கும். இரு பக்கங்களிலும் ஒரே நேரத்தில் பணி நடக்கும். தச்சர் கலத்தின் அடியிலேயே சென்று ஏராக்கட்டையைப் பார்க்கலாம்.

உலர்துறையின் இயக்கம்

உலர்துறை என்பது கடலோரத்தில் தோண்டி, கல்லால் சுவரும் தளமும் அமைத்து, கடலை நோக்கிய முகப்பில் கதவு பொருத்திய நீண்ட குழியாகும். அதன் இயக்கம் ஐந்து நிலைகளைக் கொண்டது.

முதலில், குழியின் தளத்தில் நடுக்கோட்டில் தாங்குகட்டைகள் வரிசையாக வைக்கப்படும். இரண்டாவதாக, உயர் ஓதத்தின்போது கதவு திறக்கப்பட்டு, பளு குறைக்கப்பட்ட கலம் வடங்களால் உள்ளே இழுக்கப்படும். மூன்றாவதாக, ஓதம் வற்றத் தொடங்கும்போது குழியின் நீரும் கடலோடு சேர்ந்து இறங்கும்; கலம் மெல்ல இறங்கித் தாங்குகட்டைகளின்மேல் அமரும். அது சாயாதிருக்க இரு சுவர்களிலிருந்தும் முட்டுக்கட்டைகள் கொடுக்கப்படும். நான்காவதாக, நீர் தாழ்ந்த நிலையை அடைந்ததும் கதவும் மதகுகளும் அடைக்கப்பட்டு, எஞ்சிய நீர் இறைக்கப்படும். ஐந்தாவதாக, பணி முடிந்தபின் மதகு வழியாக நீர் உள்ளே விடப்படும். கலம் மிதந்ததும் அடுத்த உயர் ஓதத்தில் வெளியேறும்.

இத்தகைய துறைகளில் பொதுவாக அமைக்கப்பட்ட இரட்டைக் கதவின் வடிவம் குறிப்பிடத்தக்கது. இரு கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல், கடற்பக்கமாக முனை நீட்டிய கோணத்தில் சந்திக்கும். வெளிநீரின் அழுத்தம் கூடக்கூட இரு விளிம்புகளும் ஒன்றையொன்று இறுக்கும். அதாவது, கடலின் அழுத்தமே கதவை அடைத்துவைக்கும் விசையாகிறது.

இம்முறையில் நீரை வெளியேற்றும் பணியின் பெரும்பகுதியை மனித உழைப்பு செய்வதில்லை. கடல் வற்றுவதே அதனைச் செய்கிறது. 209 அடி நீளம், 47 அடி அகலம், 15 அடி ஆழம் கொண்ட ஒரு குழியை நேர்ச் செவ்வக வடிவினதாகக் கொண்டால், அதன் கொள்ளளவு 1,47,345 கன அடி, அதாவது ஏறத்தாழ 4,170 கன மீட்டர் ஆகும். உள்ளே நிற்கும் கலம் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தாலும், எஞ்சும் நீர் மிகப் பெரிது. நீராவி இறைப்பி இல்லாத காலத்தில் இவ்வளவு நீரையும் கையாலோ விலங்கு விசையாலோ ஒவ்வொரு முறையும் இறைப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆகவே நீராவி விசைக்கு முந்தைய உலர்துறைக்குக் கல்லையும் தச்சரையும் விட முதன்மையான தேவை, போதிய ஓத வீச்சே.

பம்பாயின் இயற்கை வாய்ப்பு

பம்பாய்த் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி எழும் பேரோதம் வழக்கமாக 14 அடி அளவுக்கு உயரும். சில வேளைகளில் அதனினும் மிகும். சென்னைக் கடற்கரையில் பேரோதத்தின் வீச்சு ஏறத்தாழ 1 மீட்டர், அதாவது 3 அடி சொச்சமே. திருகோணமலையில் அது இன்னும் குறைவு. காம்பே வளைகுடாவை நோக்கி மேற்குக் கடற்கரையின் கடலடித் திட்டு அகன்றும் ஆழமற்றும் விரிவதால் அங்கு ஓதம் வலுப்பெறுகிறது. தமிழகக் கடற்கரைக்கு அத்தகைய அமைப்பு இல்லை.

இவ்வேறுபாடே இரு கடற்கரைகளின் தொழில்நுட்ப வரலாற்றைப் பிரித்தது எனலாம். சோழமண்டலக் கடற்கரையில் கப்பற்கலை அறிந்தோர் இல்லை என்பதன்று. கப்பல் கட்டும் மரபும் கலப்பற்றுத் தொழிலும் இங்கு நீண்ட காலம் வழங்கியவை. ஆனால் கல்லால் ஒரு குழியைச் சென்னையில் அமைத்திருந்தாலும், அதைக் காலியாக்க அங்குள்ள கடல் போதிய அளவு இறங்கியிராது. மேலும், அலை நேரடியாக மோதிய அத்திறந்த கரையில் பெருங்கலங்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே ஆளையும் பொருளையும் கரைசேர்த்தன.

வங்கத்தின் ஊக்ளி ஆற்றில் ஓத வீச்சு உண்டு. ஆயினும் அடிக்கடி இடம்மாறும் மணல்திட்டுகளால் அவ்வாற்றுவழி ஆழமிகு போர்க்கலங்களுக்கு இடர் மிகுந்ததாக இருந்தது. ஆழமான துறைமுகம், பருவக்காற்றிலிருந்து காப்பு, போதிய ஓத வீச்சு ஆகிய மூன்றும் ஆங்கிலேயர் கைவசமிருந்த இடங்களில் பம்பாயிலேயே ஒருங்கே அமைந்தன.

பழைய பம்பாய்த் துறை

1735-இல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சி கப்பல் தச்சர், தச்சர் சிலருடன் பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்தளம் அவருடைய பொறுப்பில் வளர்ந்தது. 1774-இல் அவர் மறையும்வரை அத்தளத்தின் தலைமைத் தச்சராக விளங்கினார். அவருக்குப் பின் அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அப்பொறுப்பை ஏற்றனர்.

முதல் உலர்துறை 1750-இல் கட்டப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1762-இல் நடுத்துறையும் 1765-இல் கீழ்த்துறையும் சேர்க்கப்பட்டன. மேல்துறை 209 அடி, நடுத்துறை 183 அடி, கீழ்த்துறை 256 அடி நீளமுடையவை. மேல்துறையின் அகலம் ஏறத்தாழ 47 அடி. மற்ற இரண்டும் ஏறத்தாழ 51 அடி. மேல்துறையின் ஆழம் 15 அடி அளவினது. மற்றவை 20 அடி.

இம்மூன்றும் தனித்தனிக் குழிகள் அல்ல. அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீள்வரிசையில் அமைந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரட்டைக் கதவு கொண்டவை. 1775-இல் பம்பாயைக் கண்ட ஆபிரகாம் பார்சன்ஸ் என்னும் ஆங்கிலப் பயணி, இவ்வமைப்பின் பயனைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளார். மூன்று பெரும் போர்க்கலங்கள் ஒரே காலத்தில் உள்ளே நிற்க முடியும். ஒவ்வொரு பேரோதத்தின்போதும் வெளிப்புறத்திலுள்ள கலத்தை அகற்றி வேறொன்றைக் கொண்டுவரலாம். அப்போது உட்புறக் கலங்களில் நடக்கும் பணி தடைபடுவதில்லை. வெளிப்புறத்து இரு கலங்களையும் மாற்றினாலும் கடைசி அறையில் பணி தொடரும்.

இக்குறிப்பிலிருந்து துறையின் கால ஒழுங்கை மீட்டுருவாக்கலாம். பேரோதம் ஏறத்தாழ 15 நாள்களுக்கு ஒருமுறை வருவது. எனவே பெருங்கலம் ஒன்று நுழைவதும் வெளியேறுவதும் அந்த நாள்முறைக்கு உட்பட்டவை. நீண்ட பழுதுடைய கலத்தை உள்ளறையிலும், அடிப்பகுதியைச் சுரண்டிப் பூச்சிட வேண்டிய கலத்தை வெளியறையிலும் நிறுத்துவதே இவ்வமைப்புக்குப் பொருந்தும். உள்ளறையிலுள்ள கலம் வெளியேற வேண்டுமாயின் மற்ற இரண்டும் மிதக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆகவே தலைமைத் தச்சரின் திறமை மரவேலையோடு முடிவதன்று. எந்தக் கலம் எந்தப் பிறைநாளில் எவ்வறையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பதும் அவர்தம் பொறுப்பாயிற்று.

சோழமண்டலக் கடற்கரையும் பம்பாயும்

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் அக்டோபரில் சோழமண்டலக் கடற்கரையில் பெருங்கலங்கள் நிற்பது இடராகும். ஆண்டுதோறும் அக்காலத்தில் கடற்படைகள் இக்கரையை விட்டு நீங்கின. அவை எங்கே சென்றன, எந்நிலையில் திரும்பின என்பது அடுத்த ஆண்டின் அரசியலைத் தீர்மானித்தது.

இதன் முன்னோட்டம் 1746-இல் காணப்படுகிறது. நாகப்பட்டினத்திற்கு அப்பால் லா போர்தொனேயின் பிரெஞ்சுக் கலங்களோடு பொருத பின், எட்வர்டு பெய்ட்டனின் ஆங்கிலக் கலங்கள் முதலில் திருகோணமலைக்கும் பின்னர் வங்கத்திற்கும் விலகிச் சென்றன. பெய்ட்டனின் தயக்கமும் அதற்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. ஆயினும் அவருடைய கலங்களுள் ஒன்றாகிய மெட்வேயில் நீர் கசிந்துகொண்டிருந்ததும் காரணங்களுள் ஒன்று. காப்பார் இன்றி நின்ற சென்னை அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டது. பம்பாயின் முதல் உலர்துறை இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே கட்டப்பட்டது. ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவு எனக் கொள்ளல் வேண்டா. ஆயினும் அத்தகைய துறையின் தேவையை இந்நிகழ்வு நன்கு காட்டுகிறது.

1758-ஆம் ஆண்டில் கடலூர், நாகப்பட்டினம் ஆகிய இடங்களுக்கு அருகே ஜார்ஜ் போகாக் தலைமையிலான ஆங்கிலக் கலங்களும் தஷே தலைமையிலான பிரெஞ்சுக் கலங்களும் இருமுறை மோதின. பின்னர் பிரெஞ்சுக்காரர் மொரீசியசுக்கும், ஆங்கிலேயர் பருவக்காற்றுக் காலத்தைக் கழிக்கப் பம்பாய்க்கும் சென்றனர். கடற்படை இல்லாத அவ்விடைவெளியில், டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி 16-இல் ஆங்கிலக் கலங்கள் துணைப்படையுடன் வந்தடைந்ததும் முற்றுகை கைவிடப்பட்டது.

1782-ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இச்சார்பின் இரு முகங்களையும் ஒருசேரக் காட்டுகின்றன. அவ்வாண்டில் எட்வர்டு ஹியூசும் சுஃப்ரனும் சதுரங்கப்பட்டினம், புரோவிடியன் தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை ஆகியவற்றின் அருகே நான்கு போர்களில் மோதினர். சுஃப்ரனுக்கு இக்கடற்கரையில் உலர்துறை இல்லை. உடைந்த பாய்மரங்களுக்கு ஈடாகத் தம் சிறு கலங்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பொருத்தியே அவர் படையைப் போருக்கு ஆயத்தமாக்கினார். ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையையும் கைப்பற்றினார்.

திருகோணமலையை இழந்த ஹியூசுக்குப் பம்பாயைத் தவிர வேறு புகலில்லை. அக்டோபர் நடுவில் அவர் சென்னையை விட்டு நீங்கினார். அப்போது சென்னை, ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்களை விட்டு வந்த மக்களால் நிரம்பிப் பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் வீசிய புயலில் சென்னைக் கரையில் நின்ற அரிசிக் கலங்கள் பல அழிந்தன. ஹியூசின் கலங்களும் புயலில் சிதைந்து டிசம்பரில் பம்பாயை அடைந்தன. அங்குப் பழுது நீக்கி, பிக்கர்ட்டனின் கலங்களையும் சேர்த்துக்கொண்டு, 1783 ஏப்ரலிலேயே சென்னைக்குத் திரும்பின. அச்சேயில் பருவக்காற்றுக் காலத்தைக் கழித்த சுஃப்ரன் அதற்கு முன்பே கடற்கரைக்கு மீண்டிருந்தார். மார்ச்சில் புஸ்ஸியின் படை பரங்கிப்பேட்டைக் கரையில் கடற்புறத் தடையின்றி இறங்கியது.

இங்கு இருவேறு முடிவுகள் பெறப்படுகின்றன. பம்பாயின் துறைகள் இல்லையெனில் ஹியூசின் படை 1783-இல் முழு வலிமையோடு திரும்பியிருத்தல் அரிது. அதே வேளையில், பழுதுபார்க்கும் இடம் துணைக்கண்டத்தின் மறுகரையில் இருந்தமையால், ஏறத்தாழ ஆறு திங்கள் தமிழகக் கடற்கரை அப்படையின் காப்பை இழந்தது. உலர்துறை வெற்றியை உறுதி செய்யவுமில்லை. 1783 ஜூன் 20-இல் கடலூருக்கு அருகே நிகழ்ந்த போரில் 18 பெருங்கலங்களுடன் நின்ற ஹியூசை 15 கலங்களுடன் சுஃப்ரன் விலகச் செய்தார். கலங்கள் செப்பமாக இருந்தும் மாலுமிகள் நோயால் நலிந்திருந்தனர். கலத்தைச் செப்பனிடத் துறை இருந்தது. அதை ஓட்டுவோர் உடல்நலத்திற்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

டங்கன் துறை

செப்புத் தகடுகளால் கலத்தின் அடியைப் போர்த்தும் வழக்கம் 1780-களில் பரவியது. அது புழுவையும் பாசியையும் தடுத்தது. எனினும் தகடுகளைப் பதிக்கவும் மாற்றவும் உலர்துறையே மிகவும் ஏற்றதாக இருந்ததால், அதன் தேவை குறையவில்லை. கலங்களின் அளவும் பெருகியது. 74 பீரங்கிகள் தாங்கும் போர்க்கலத்தின் அகலம் ஏறத்தாழ 47 அல்லது 48 அடி. பழைய மேல்துறையில் அது நுழையவே இயலாது. மற்ற இரு துறைகளில் நுழைந்தாலும் இருபுறமும் இரண்டடி அளவு இடைவெளியே எஞ்சும்.

இந்நிலையில் 1807-இல் தொடங்கி 1810-இல் புதிய துறை கட்டி முடிக்கப்பட்டது. கம்பெனியின் பொறியாளர் வில்லியம் கூப்பர் அதனை அமைத்தார். அப்போதைய ஆளுநர் ஜோனாதன் டங்கன் பெயரால் அது டங்கன் துறை எனப்பட்டது. அதன் மேலறை 286 அடியும் கீழறை 246 அடியும் நீளமுடையவை. அகலம் ஏறத்தாழ 63 அடி. ஆழம் 23 அடி. அகலம் 51 அடியிலிருந்து 63 அடியாக உயர்ந்ததே இத்துறையின் முதன்மை மாற்றமாகும்.

1810 ஜூன் 19-இல் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய மிண்டன் என்னும் 74 பீரங்கிக் கலம் இத்துறையிலிருந்து மிதக்கவிடப்பட்டது. 1813-இல் கார்ன்வாலிஸ், 1817-இல் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கமலி ஆகிய கலங்களும் பம்பாயில் உருவாயின. கார்ன்வாலிஸ் கலத்திலேயே 1842-இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. டிரிங்கமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கும் அருங்காட்சியகமாக உள்ளது. இக்கலங்களின் புகழே பம்பாய்த் துறைகளின் பழுதுபார்ப்பு வரலாற்றை மறைத்துவிட்டது எனலாம். கட்டப்பட்ட கலத்திற்குப் பெயரும் நாளும் உண்டு. செப்பனிடப்பட்டு மீண்ட கலத்திற்கு அத்தகைய நினைவுச் சின்னம் ஏதும் இல்லை.

ஓதச் சார்பின் முடிவு

19-ஆம் நூற்றாண்டில் நீராவி இறைப்பிகள் பரவியபின் உலர்துறைக்கும் ஓத வீச்சுக்கும் இருந்த கட்டாயத் தொடர்பு தளர்ந்தது. ஓத வீச்சு 1 மீட்டருக்கும் குறைவான கொழும்பில் 1906-இல் உலர்துறை திறக்கப்பட்டது இம்மாற்றத்திற்குச் சான்றாகும். கடலின் இறக்கம் செய்த பணியை இயந்திரம் ஏற்றுக்கொண்டபோது, இயற்கையால் விலக்கப்பட்டிருந்த கடற்கரைகளுக்கும் அத்தொழில்நுட்பம் எட்டியது. டங்கன் துறையோ இன்றும் மும்பைக் கடற்படைத் தளத்தில் பயன்பாட்டில் உள்ளது.

முடிவுரை

பம்பாயின் உலர்துறைகள் கல், மரம், தச்சுத் திறன் ஆகியவற்றோடு ஓதத்தையும் ஒரு கட்டுமானப் பொருளாகக் கொண்டவை. அந்நான்காவது பொருள் சோழமண்டலக் கடற்கரையில் கிடைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு எதிரே போரிட்ட கடற்படைகள் இக்கரையிலேயே தம்மைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது போயின. ஆங்கிலேயர் பம்பாய்க்கும் பிரெஞ்சுக்காரர் மொரீசியசுக்கும் சென்று மீள வேண்டியிருந்தது. சென்னை, கடலூர், பரங்கிப்பேட்டை மக்களின் நிலையை அவ்விடைவெளிகள் பாதித்தன.

இப்பார்வை மேலாய்வுக்கு ஒரு களத்தைத் திறக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு புதுச்சேரித் துறைக்கு வந்த கப்பல்களைப் பற்றிய செய்திகளை மிகுதியாகக் கொண்டது. அச்செய்திகளைச் சரக்குகளையும் அரசியலையும் அறிவதற்காக மட்டுமின்றி, கலங்களின் வருகைக்கும் நீக்கத்திற்கும் இடைப்பட்ட நாள்களைக் கணக்கிடுவதற்காகவும் படித்தல் வேண்டும். கடற்கரை காப்பின்றி நின்ற நாள்கள் எவை என்பதை அக்கணக்கு தமிழ்ச் சான்று ஒன்றின் வழியே புலப்படுத்தும்.